அப்பா வரைந்த தென்னை மரம்

வணக்கம் ஐயா,

கஜா புயலில் எங்கள் தோப்பு சாய்ந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு கலைச் சிகிச்சையாளரிடம் அழைத்துப்போனோம். பெரிய வெள்ளைத்தாளும் பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, "ஒருவர் மரத்திலிருந்து ஆப்பிள் பறிப்பதுபோல வரையுங்கள்" என்றார். அப்பா கறுப்புப் பேனாவால் ஒரு மூலையில் சின்னதாகத் தென்னை மரம் போட்டார். பக்கத்தில் தொரட்டியோடு ஓர் ஆள். அந்தச் சிகிச்சையாளர் அம்மா பார்த்து மார்க் போட்டுக்கொண்டார். படத்தை வைத்து மனசை அளக்க முடியுமா? புத்தி மங்கிவிட்டது என்று எழுதிவிடுவார்களோ?

ஒரு வாசகி, பேராவூரணி

அன்புள்ள சகோதரிக்கு,

மரத்தில் பொந்து இருந்தால் இந்த நோய் என்று குறி சொல்லும் வேலை இல்லை இது. அந்த ஆப்பிள் படத்துக்கு கலைச் சிகிச்சையாளர்களான லிண்டா கேன்ட்டும் கார்மெல்லோ டபோனும் 1998-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். என்ன வரைந்தார் என்பதைவிட எப்படி வரைந்தார் என்பதுதான் அதில் முக்கியம். நிறம் எவ்வளவு, தாளில் எவ்வளவு இடம், கோட்டில் எவ்வளவு தெம்பு, பழத்தை எட்ட என்ன வழி செய்தார் என்று மொத்தம் 14 அம்சங்கள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்.

ஒற்றை நிறம், மூலையில் சின்னப் படம் என்றால் மனச்சோர்வு இருக்குமோ என்று சிகிச்சையாளர்கள் யோசிப்பார்கள். யோசிக்கத்தான் வேண்டும். 2018 நவம்பரில் ஒரே ராத்திரியில் தோப்பைப் பறிகொடுத்தவர் அல்லவா?

ஆனால் அந்தத் தொரட்டியைப் பாருங்கள். எட்டாத காய்க்கு ஒரு வழி கண்டிருக்கிறார், அதுவும் நடக்கிற வழி. சிந்தனை குழம்பியவர்களின் படத்தில் பெரும்பாலும் ஆளும் மரமும் பழமும் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். உங்கள் அப்பா படத்தில் சேர்ந்திருக்கிறது. நான் மருத்துவன் இல்லை, இருந்தாலும் இது எனக்கு நல்ல சேதியாகவே படுகிறது.

எனக்குள்ள கவலை வேறு. ஆப்பிள் கேட்டதற்குத் தென்னை போட்டதைக் குழப்பம் என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். காலமெல்லாம் தேங்காய் வெட்டு பார்த்தவர் என்பதை அடுத்த முறை நீங்களே அந்தச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு படத்தோடு யாரும் முடிவு கட்டுவதும் இல்லை. அப்புறம் நீர்வண்ணமோ களிமண்ணோ கொடுப்பார்கள். பென்சில் கைக்கு அடங்கும், அறிவை முன்னே நிறுத்தும். நீர்வண்ணம் தன்போக்கில் ஓடி உணர்ச்சியைக் கிளறும். எதைத் தொடுகிறார், எதைத் தள்ளிவைக்கிறார் என்பதையும் கவனிப்பார்கள்.

சரி, தொரட்டி பிடித்த அந்த ஆள் யார் என்று அப்பாவிடம் கேட்டீர்களா? திண்ணையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.