அன்றாட வாழ்க்கையில் அழகு, காதல், ஃபேஷன் இதெல்லாம் தேவையா, இல்லை வெறும் ஆடம்பரமா?

தேவைதான். வெறும் ஆடம்பரம் என்றால் அதை ஏன் ஒருத்தியிடமிருந்து பிடுங்க வேண்டும்? எங்கள் மதுரைப் பக்கம் கணவன் இறந்ததும் முதலில் போவது பூ, பொட்டு, வளையல், அப்புறம் கலர் சேலை. சோறு போடுவதை நிறுத்த மாட்டார்கள், வேலை வாங்குவதையும் நிறுத்த மாட்டார்கள், ஆனால் தலையில் பூ இருந்தால் மட்டும் ஊரே பதறும், ஏனென்றால் பூ வைத்தவளுக்கு இன்னும் ஆசை மிச்சம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

என் பெரியம்மா பல வருஷம் வெளிறிய சேலையிலேயே இருந்தார். பேத்தி காலேஜில் சேர்ந்த சமயம், யாரிடமும் கேட்காமல் ஒரு அரக்கு நிறச் சுங்குடிச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு, தெருவில் வந்த பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லியும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு அத்தை இன்னும் அவரோடு பேசுவதில்லை. பெரியம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் நிம்மதி.

இதற்கெல்லாம் காசு வேண்டுமே என்பீர்கள். சுங்குடி பருத்திதான், வெயிலுக்குக் கட்டுகிற சேலை. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து துணியை நுனிவிரலால் கிள்ளி நூல் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள், சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் புள்ளி. விசேஷத்துக்கு மட்டும் என்று பீரோவில் பூட்டிவைக்கிற பட்டு வேறு, இது அடுப்படிக்கும் பஸ்ஸுக்கும் கட்டுகிற அழகு.

காதல் பற்றிக் கேட்டீர்கள். மார்கழிப் பனியில் மல்லி விளைச்சல் விழுந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது, வேலை முடிந்து வருகிற மனிதர் ஒருவர் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பேரம் பேசாமல் அரை முழம் வாங்கி வாழை இலையில் சுற்றிக்கொண்டு போகிறாரே, அதைவிட வேறு என்ன வேண்டும்? சித்திரையில் மலிவாகக் கிடைக்கும்போது எல்லாரும்தான் வாங்குவார்கள்.

ஃபேஷனில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், நம் தோலைப் பார்த்து நம்மையே கூச வைத்து விற்கிற வியாபாரம். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி என்கிற பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் "பொண்ணு கலரா?" என்றுதான் கேட்கிறார்கள். அது அலங்காரத்தில் சேர்த்தி இல்லை.

சரி, சுங்குடி வாங்கப் போனால் கைமுடிச்சா பிரிண்டா என்று கேட்டு வாங்குங்கள். இப்போது அந்தப் பெயரில் நிறைய அச்சுச் சேலைகள் வருகின்றன. அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரிசையாக நிற்கும், கைமுடிச்சில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.