அம்மா பெயரில் வாங்கிய வீட்டை நான் மட்டும் விற்க முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்து அனுப்பிய பணத்தில், 2006-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா பெயரில் வீடு வாங்கினேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சென்ற ஆண்டு அம்மாவும் இறந்துவிட்டார், உயில் இல்லை. ஒரு தங்கை புதுச்சேரியிலும் இன்னொருவர் துபாயிலும் இருக்கிறார்கள். இருவருக்கும் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்று. வீட்டு வரியும் நான்தான் கட்டுகிறேன். ஒருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார். நான் மட்டும் கையெழுத்திட்டு விற்கலாமா?

பதில்: முடியாது. அந்நிய மண்ணில் உழைத்துச் சேர்த்த காசு என்பதால் இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால், பணம் யாருடையது என்று பத்திரப் பதிவு அலுவலகம் பார்க்காது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். வரி ரசீது, வரி கட்டியதற்கு மட்டுமே சான்று. அது உரிமையைத் தராது.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்து மகனுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நகையும் சீரும் இந்தப் பங்கைக் குறைப்பதில்லை. இதை நம்ப மறுக்கும் அண்ணன்களை வாரம்தோறும் பார்க்கிறேன்.

"நான் கொடுத்த பணம், அம்மா பெயருக்கு மட்டும்தான்" என்று வழக்குப் போடலாமா என்று நினைப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம், 1988-இன் 4-ஆவது பிரிவு அப்படிப்பட்ட உரிமைக் கோரிக்கைக்கே தடை போடுகிறது. 2016-இல் வந்த திருத்தம் தாய், தந்தை, உடன்பிறந்தார் பெயரில் வாங்குவதற்கு விலக்கு தருகிறது. ஆனால், வாங்கியவர் பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருக்க வேண்டும். பணமும் கணக்கில் வந்த வருமானமாக இருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் அம்மா மட்டும்தான். வழக்கில் நீங்கள் சொல்லும் வாக்குமூலமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆகவே, தங்கைகளிடம் பேசுங்கள். வழக்கறிஞரை அனுப்பாமல் நீங்களே போய்ப் பேசுங்கள். அந்த வீட்டுக்காக நீங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு நீங்கள் விற்கலாம். எனக்குப் பிடித்த வழி, மூவரும் சேர்ந்து விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது. ஒரே பத்திரம், ஒரே செலவு. வாங்குபவருக்கும் அதுதான் நிம்மதி. எந்த வழியானாலும் முதல் வேலை, வட்டாட்சியரிடம் அம்மாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்குவது. பட்டா மாற்றத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

புதுச்சேரித் தங்கை நேரில் வந்துவிடலாம். துபாயில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றளித்து பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் இந்தக் கெடுவைத் தவறவிட்டு மறுபடியும் எழுதி வாங்குகிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் அந்த பவரும் செல்லாது, விற்பனையை இழுத்தடிக்காதீர்கள்.

அவர்கள் மறுத்தால் மிஞ்சுவது கடலூர் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குதான். அது ஆண்டுக்கணக்கில் நீளும்.

அதுவரை முன்பணத்தைத் தொடாதீர்கள். நீங்கள் மட்டும் விற்றால் வாங்குபவருக்குச் சேருவது உங்கள் மூன்றில் ஒரு பங்குதான். முழு வீடு என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், அவர் உங்கள் மீது மோசடிப் புகார் கொடுக்கவும் இடமிருக்கிறது. தங்கைகளின் சம்மதம் எழுத்தில் கிடைத்த பிறகு, மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அதற்குப் பின் வாங்குங்கள்.