ஜாய் ஏன் கனடா போனாள்?

தம்பி, ஹாங்காங்குக்கு நீங்கள் வந்தே சில மாதம்தான் ஆகிறது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை பிலிப்பினோ நண்பர் சொன்னார் என்று ‘ஹலோ, லவ், குட்பை’ என்ற பிலிப்பைன்ஸ் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இங்கே வீட்டு வேலை செய்யும் ஜாய், காதலன் ஈத்தனை விட்டுவிட்டுக் கனடா போகிற கதை. படம் பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை என்கிறீர்கள். “ஈத்தன் அவ்வளவு நல்ல பையன். அவனுக்கு நிரந்தர வசிப்புரிமை வேறு வரப்போகிறது. கல்யாணம் செய்துகொண்டு ஜாய் இங்கேயே இருந்திருக்கலாமே, எதற்குக் கனடா? பணத்தாசையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் நர்ஸாக இருக்கும் உங்கள் வருங்கால மனைவியை இங்கே அழைத்து வந்தால் எப்படி இருக்கும் என்று கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு கேள்வி. எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

முதலில் ஜாய். அவள் பையில் இருக்கும் விசாவைப் பார்க்காமல் அவள் முடிவைப் பற்றிப் பேச முடியாது. நீங்கள் வேலை விசாவில் வந்திருக்கிறீர்கள். ஏழு ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மாடியில் காலையில் குழந்தையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும் பிலிப்பினோப் பெண்ணும் நீங்கள் வந்த அதே நாளில் வந்திருக்கலாம். அவருக்கு அந்தக் கணக்கு ஓடவே ஓடாது. இருபது வருஷம் இருந்தாலும் ஓடாது. எவாஞ்சலின் வாலெஹோஸ் என்ற பெண்மணி 1986 முதல் இங்கே வீட்டு வேலை செய்தவர். எனக்கும் அந்த உரிமை வேண்டும் என்று வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டார். 2013 மார்ச்சில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீட்டுப் பணியாளர்கள் இங்கே தங்குவது சட்டத்தின் பார்வையில் ‘சாதாரணக் குடியிருப்பு’ ஆகாது என்பதுதான் அதன் சாரம். அப்போது அலுவலகத்தில் எங்கள் பேச்செல்லாம் இதுதான். விசா வைத்திருந்த நம்மவர்களிலேயே “நல்ல தீர்ப்பு” என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எனக்கு அது இன்னும் கசக்கிறது.

மற்ற விதிகளையும் கேளுங்கள். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும்; 2003-லிருந்து இது கட்டாயம். வேலை போனால் 14 நாளில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள வீட்டைத் தவிர வேறெங்கும் வேலை செய்யக் கூடாது. ஜாய் மறைவாகச் செய்கிறாளே, அந்தச் சின்னச் சின்ன வேலைகள் அத்தனையும் சட்டப்படி குற்றம். (வேலை கொடுப்பவரும் மாட்டுவார். யாராவது நம் ஆட்கள் “எங்க வீட்டுப் பெண்ணை ஒரு மணி நேரம் சப்பாத்தி போட அனுப்பட்டுமா” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.) படம் வந்த 2019 ஜூலையில் குறைந்தபட்சச் சம்பளம் 4,520 ஹாங்காங் டாலர். நீங்கள் வீட்டு வாடகை கட்டுகிறவர், அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஜாய் படித்தது நர்ஸிங்.

இப்போது ஈத்தன். அவனைக் கல்யாணம் செய்துகொண்டால் சார்ந்திருப்போர் விசாவில் அவள் இங்கே இருக்கலாம், வேறு வேலைக்கும் போகலாம். உண்மைதான். ஆனால் அந்த விசா அவனைச் சார்ந்தது. அவளுடைய அம்மா கதையை மறந்துவிடாதீர்கள். இங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டு நிலைத்தவர் அவர். அந்த வீட்டில் அவர் படும் பாட்டை ஜாய் கண்ணால் பார்க்கிறாள். காதலனைச் சந்தேகப்பட்டு அவள் போகவில்லை. இன்னொருவர் கையெழுத்தில் நிற்கிற வாழ்க்கை வேண்டாம் என்று போகிறாள். ஜாயாக வரும் கேத்தரின் பெர்னார்டோ அந்த இடத்தில் அதிகம் அழாமல் நடித்திருப்பது எனக்குப் பிடித்தது. அந்தப் படத்தை ஊரே பார்த்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விமான நிலையத்தில் ஒருவரையாவது வழியனுப்பாத குடும்பம் பிலிப்பைன்ஸில் குறைவு.

கனடா ஏன்? அங்கே பராமரிப்பாளர் வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு கதவு இருந்தது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று 2014 வரை நடந்தது. இரண்டு வருஷ வேலையை முடித்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், கணவனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம். பிறகு விதிகள் மாறி மாறி வந்தாலும் அந்த ஆசை மட்டும் மாறவில்லை. ஹாங்காங்கில் இரண்டு ஒப்பந்தம் முடித்து அனுபவச் சான்றோடு கனடா போவது இங்கே பலருடைய திட்டம்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது வேலை பார்த்த பிலிப்பினோ அக்கா அப்படித்தான் போனார். ஊரில் ஆசிரியையாக இருந்தவர். சாயங்காலம் கைப்பேசியை ரைஸ் குக்கரின் மேல் சாய்த்து வைத்து, காய் நறுக்கிக்கொண்டே மகனின் கணக்கு நோட்டைத் திருத்துவார். “பக்கத்தைத் திருப்பு, இன்னும் கிட்ட காட்டு” என்று குரல் மட்டும் கூடத்துக்கு வரும். கனடாவில் மகன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. முதல் வருஷம் அம்மாவும் பிள்ளையும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். போனதற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார், யோசிக்காமல். 2024-ல் வந்த இரண்டாம் பாகம், ‘ஹலோ, லவ், அகெய்ன்’, கால்கரியில் நடக்கிறது. கனடா போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்லவில்லை, அதற்காகவே அதையும் பாருங்கள். பிலிப்பைன்ஸ் படங்களில் நூறு கோடி பெசோ வசூலைத் தாண்டிய முதல் படம் அது.

ஞாயிற்றுக்கிழமை நகர மையமான சென்ட்ரலில் பிலிப்பினோப் பெண்கள் ஏன் தெருவில் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அது எளிது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு சட்டப்படி தர வேண்டும். அந்த நாளில் இருப்பதற்கு அவர்களுக்கென்று ஒரு வீடு இல்லை. முதலாளி வீட்டில் இருந்தால் “ஒரு டீ போடு” என்று கூப்பிடுவார்கள். ஞாயிறு சேட்டர் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். எச்எஸ்பிசி கட்டடத்தின் கீழ்த்தளம், நடைபாலங்கள் எல்லாம் நிரம்பிவிடும். ஒருமுறை நின்று பாருங்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஓரத்தில் அரைச்சுவர் மாதிரி நிறுத்தி, செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே உட்காருவார்கள். அலுமினியத் தட்டில் பான்சிட் நூடுல்ஸ், சீட்டுக்கட்டு, நகப்பூச்சு. நடுவில் இடுப்புயரப் பெட்டி ஒன்று. பற்பசை, சோப்பு, துண்டு, டின் மாட்டிறைச்சி என்று அடுக்கி, மூலைக்கொரு சாக்லேட் செருகி, டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவார்கள். கப்பலில் ஊருக்குப் போகிற பெட்டி. அதை வேடிக்கை பார்க்க வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். பசித்தால் பக்கத்தில் பிலிப்பினோ கடைகள் நிறைந்த வேர்ல்டு-வைடு ஹவுஸ் கட்டடத்துக்குள் போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று. லிஃப்டில் பிலிப்பினோப் பெண்ணைப் பார்த்தால் “எந்த வீட்டில் வேலை?” என்று கேட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர் பொறியாளராக இருக்கலாம், உங்கள் அடுத்த மேலாளராகவும் இருக்கலாம்.

சரி, உங்கள் மதுரைக் கேள்விக்கு வருகிறேன். திருமணம் பதிவானதும் அவருக்குச் சார்ந்திருப்போர் விசா வாங்கலாம். அதில் வேலைக்குப் போகத் தடையில்லை, அவருக்கும் ஏழு ஆண்டுக் கணக்கு ஓடும். ஆனால் நர்ஸாக வேலை செய்ய இங்குள்ள நர்ஸிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்குப் பெரும்பாலும் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதைத் தாண்டினாலும் வார்டில் இருக்கிற பாட்டி கான்டனீஸில்தான் வலி எங்கே என்று சொல்வார். தேர்வும் மொழியும் கைகூடும்வரை அவர் வீட்டில்தான் இருப்பார், உங்கள் விசாவின் நிழலில். உங்கள் வேலைக்கு ஏதாவது ஆனால் அவருடைய இருப்பும் ஆடும். அயர்லாந்து, பிரிட்டன் என்று நம் ஊர் நர்ஸுகள் போகும் இடங்களில் அவர் சொந்தப் பெயரில் வேலை விசாவோடு நிற்க முடியும். அங்கே நீங்கள்தான் அவரைச் சார்ந்து போவீர்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று நீங்கள் எழுதவில்லை.

இதையெல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், அவரிடம் கேட்டீர்களா? ஊருக்குப் போகும்போது படத்தை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். முடிவு சரியா என்று நீங்கள் சொல்வதற்கு முன் அவரைச் சொல்ல விடுங்கள். விசா படிவம் பற்றிய சந்தேகங்களை அதற்குப் பிறகு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.