பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கு எப்படி உதவுவது?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃபிரிமாண்ட் நகரில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியின் நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். தாய்க்கு மாண்டரின் மட்டுமே நன்றாகத் தெரியும். உறவினரிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறார். கணவரின் அரைகுறை ஆங்கிலத்தை நம்பாமல், பள்ளிக் கூட்டத்தில் நானே அவர்களுக்காகப் பேசலாமா?

பதில்: பேச வேண்டாம். அந்தத் தாயின் மொழியில் பேசக்கூடிய, இதே நிலையைக் கடந்துவந்த இன்னொரு தாயிடம் அவரைக் கொண்டுசேர்ப்பதே முதல் வேலை. அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சீன வம்சாவளிப் பெற்றோர் முன்னின்று, பத்துக் குடும்பங்களாக 1996இல் தொடங்கிய, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கான 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் சில்ட்ரன் வித் ஸ்பெஷல் நீட்ஸ்' அமைப்பு உங்கள் ஊரிலேயே இயங்குகிறது.

அவர் மறைப்பதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டிசத்துக்குச் சீனத்தில் வழங்கும் 'ஸிபிசெங்' என்ற சொல்லுக்குத் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் நோய் என்று பொருள்; சீன மருத்துவர்கள் பயன்படுத்தும் 'குதுசெங்' என்பதோ தனிமை நோய். இப்படியொரு பெயரைக் கேட்கும் தாய், பிள்ளையைத் தனியே விட்டது தன் குற்றமோ என்று மருகுவது இயல்பே. (ஆட்டிசத்துக்கு நாம் தமிழில் சொல்லும் 'மதி இறுக்கம்' மட்டும் என்ன, நல்ல பெயரா?) நீங்களும் நானும் எவ்வளவு ஆறுதல் சொன்னாலும், "என் மகனும் நான்கு வயதில் பேசவில்லை" என்று மாண்டரினில் ஒருவர் சொல்வதற்கு ஈடாகாது.

அடுத்து, ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்குக் கடிதம். மகனுக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில், தேதியிட்டுக் கேட்டு, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் நாள் கணக்கு எளிதில் குழம்பிவிடும். கலிபோர்னியச் சட்டப்படி 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தை மாவட்டம் பெற்றோரிடம் தர வேண்டும். அதில் பெற்றோர் ஒப்புதல் தந்தபின், நீண்ட விடுமுறைகள் நீங்கலாக 60 நாட்களுக்குள், மகனுக்கான கல்வி உதவிகளை முடிவுசெய்யும் தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், ஆசிரியர் என்று ஐந்தாறு பேர் அமர்ந்திருக்க, தாய் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக் கையெழுத்திடுவது அடிக்கடி நடப்பதுதான். பெற்றோர் புரிந்துகொள்ளும்படி மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது மாவட்டத்தின் சட்டக் கடமை, செலவும் அதனுடையதே. ஆகவே முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள். அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயமும் இல்லை. திட்டத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, ஏற்கும் பகுதிகளுக்கு மட்டும் சம்மதம் தரலாம்.

பள்ளிக்கு வெளியே கிடைக்கும் உதவிகளுக்கு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேவைகளை ஏற்பாடு செய்யும் 'ரீஜனல் சென்டர் ஆஃப் தி ஈஸ்ட் பே' அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே குடியேற்ற நிலை ஒரு தகுதி நிபந்தனை அல்ல என்பதைக் கணவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த அச்சத்தாலேயே விண்ணப்பிக்காமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது அறிவுரை கூறியிருந்தால் அதை அவர்கள் விட்டுவிடலாம். இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாண்டரினை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் வழிதான் அடைபடும்.

உங்கள் பங்கு என்ன என்றால், அந்த அமைப்புக்கு முதல் நாள் உங்கள் காரில் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக் கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரம் சிறுவனை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது, எதைச் சாப்பிடுவான் என்று முதல் நாளே தாயிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.