நரசிம்மர் கதைக்குப் பயப்படும் மகள்

சகோதரி, ஐந்து வயது மகள் தூண் பிளந்த கதை கேட்டதிலிருந்து தனியே தூங்க மறுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் குடலைக் கிழிப்பதெல்லாம் வேண்டாமே. யானை மிதிக்க வந்தும் பிரகலாதன் நாராயணன் பெயரை விடவில்லை என்பதோடு நிறுத்துங்கள். தைரியம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் அப்பர் கதை சொல்லிப் பாருங்கள். பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். நமச்சிவாயப் பதிகம் பாடினார். கல்லே தெப்பமாகி இன்றைய கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார். முடிந்தால் அந்தக் கோயிலுக்கே கூட்டிப்போங்கள். ஒன்று முக்கியம்: அவராகத் தண்ணீரில் குதிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மன்னனின் ஆட்கள் அழைத்தபோது, 'நாங்கள் யாருக்கும் அடிமையில்லை' என்றாரே, அதுதான் துணிச்சல். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.