திருகோணமலையில் ஜியோகேஷிங் விளையாடலாமா? பெட்டியை எப்படி ஒளிப்பது, எப்படித் தேடுவது?

தாராளமாக விளையாடலாம். ஒருவர் பெட்டியை ஒளித்து இருப்பிட எண்களை இணையத்தில் போட, மற்றவர்கள் போனில் இடம் காட்டும் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு இது. 2000 மே 2 அன்று அமெரிக்கா, இடம் துல்லியமாகத் தெரியாதபடி ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஒரேகனில் ஒருவர் வாளியொன்றை ஒளித்து, இருப்பிட எண்களை இணையத்தில் போட்டார். தொடக்கம் அதுதான்.

ஒளிப்பவர் தண்ணீர் புகாத டப்பாவில் சின்னக் கொப்பியும் பென்சிலும் வைக்க வேண்டும். நம்மூர் மார்கழி மழையில் ஈரம் பட்டால் பேனை எழுதாது. புதைக்கக் கூடாது. சாப்பாட்டுச் சாமான் வைத்தால் குரங்கு விடாது. அடுத்த பெட்டிக்கு 161 மீற்றர் இடைவெளி வேண்டும். கோட்டைக்குள் வேண்டவே வேண்டாம். அங்கே இராணுவ முகாம் இருக்கிறது, கோணேசர் கோயிலுக்குப் போகிற சனமும் ஓயாது.

போன் காட்டும் புள்ளி சில மீற்றர் தள்ளியே நிற்கும். கிட்டப் போனதும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: வேர் இடுக்கு, யாரோ அடுக்கியது போன்ற கற்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வையுங்கள்.