கட்டைவிரலும் கண்வலிக்கிழங்கும்

வணக்கம் சார்,

போன மாதம் ஒரு நள்ளிரவில் அப்பா அலறிக்கொண்டு எழுந்தார். வயது 58. வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே துடித்தார். டாக்டர் இதைக் கௌட் என்ற மூட்டுநோய் என்று சொல்லி, கோல்ச்சிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் அன்றைக்கு ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.1தான். பெரியப்பாவுக்குப் பல வருடமாக 9, ஒரு வலியும் கிடையாது. “உங்கப்பனுக்கு எதிர்ப்புசக்தி போயிருச்சு, கஷாயம் குடிக்கச் சொல்லு” என்கிறார் அவர். தேடிப் படித்ததில் இன்ஃப்ளமசோம் என்று ஒரு சொல் வந்தது, விளங்கவில்லை. இன்னொன்று: மூலனூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள் போட்டிருக்கிறோம். அந்த விதையிலிருந்துதான் கோல்ச்சிசின் எடுக்கிறார்களாம். கிழங்கையே கொஞ்சம் உரசிக் கொடுத்தால் என்ன என்றும் பெரியப்பா கேட்கிறார்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கொடுக்காதீர்கள். கோல்ச்சிசினில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். உரசிய கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு மீறினால் முதலில் வாந்தி பேதி, அப்புறம் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக விழும். பெரியப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மீதியைச் சாவகாசமாகப் பேசலாம்.

எதிர்ப்புசக்தி விஷயத்தில் அவர் சொல்வது நேர்த் தலைகீழ். அப்பாவின் கட்டைவிரலில் அன்றிரவு அது குறையவில்லை, கூத்தாடியது.

யூரிக் ஆசிட் உடம்பில் உண்டாகும் ஒரு கழிவு. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் கரைந்திருக்கும். அதற்கு மேல் மெல்ல மெல்ல ஊசிப் படிகமாக இறங்கும். குளிர்ந்த இடம் அதற்கு வசதி, உடம்பில் கால் நுனிதான் சூடு குறைந்த இடம். போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்: மூட்டு நீரில் மெல்லிய ஊசிகள், ஒரு திசையில் மஞ்சள், திருப்பினால் நீலம். பார்க்க அத்தனை அழகு! 1962இல் மெக்கார்ட்டி, ஃபேர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் படிகத்தைத் தங்கள் முழங்காலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கி, வலி தாங்க முடியாமல் போனது. படிகம்தான் குற்றவாளி என்று அதில் தெரிந்தது. ஆனால் ஒரு உப்புத் துணுக்கு எப்படி இவ்வளவு ஆட்டம் காட்டுகிறது என்பது தெரியவில்லை.

அதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2002இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் யூர்க் சோப்பின் குழு, செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடிக் கட்டும் ஒரு அமைப்பைக் கண்டுபிடித்து இன்ஃப்ளமசோம் என்று பெயர் வைத்தது. 2006இல் அதே குழு, யூரிக் ஆசிட் படிகம் என்எல்ஆர்பி3 என்ற புரதத்தின் இன்ஃப்ளமசோமைத்தான் கிளப்பிவிடுகிறது என்று காட்டியது.

உங்கள் தோட்டத்து நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அது வந்த ஆளின் முகத்தைப் பார்க்காமல், வேலி முறியும் சத்தத்துக்கே குரைக்கிற நாய் என்று வையுங்கள். என்எல்ஆர்பி3 அந்த ரகம். கிருமியின் அடையாளம் அதற்குத் தேவையில்லை. படிகத்தை விழுங்கிய வெள்ளணுவின் உள்ளே இருக்கும் பை கிழிகிறது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அந்தச் சேதம் போதும். என்எல்ஆர்பி3 திரண்டு ஏஎஸ்சி என்ற இணைப்புப் புரதத்தைச் சேர்த்துக்கொள்ளும், அது காஸ்பேஸ்-1 என்ற நொதியை முடுக்கும். காஸ்பேஸ் இரண்டு வேலை செய்யும். உறங்கிக் கிடக்கும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதத்தை வெட்டி எழுப்பும். காஸ்டெர்மின் டி என்ற புரதத்தையும் வெட்டும், அதன் துண்டு செல் சவ்வில் ஓட்டை போடும். ஓட்டை வழியே இன்டர்லூகின் வெளியே பாயும். சிவப்பு, சூடு, காய்ச்சல், வலி எல்லாம் அதன் கைவரிசை.

இன்டர்லூகின் முதலில் செல்லுக்குள் தயாராகி இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். அதற்கு வேறொரு தூண்டுதல் வேண்டும். கறியும் பீருமாக ஒரு விருந்து முடிந்த இரவு அதற்குத் தோதான நேரம். படிகம் இருந்தும் தூண்டுதல் சேராதவருக்கு வலி வராது, 9 இருந்தும் படிகமே இறங்காதவர்களும் உண்டு. பெரியப்பா இதில் எந்த ரகம் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கியே காட்டுவதும் சகஜம். அந்த 6.1ஐ நம்ப வேண்டாம், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

வேலியே முறியாமல் குரைக்கும் நாயும் உண்டு. என்எல்ஆர்பி3 மரபணுவே பழுதாகிப் பிறக்கும் சில குடும்பங்களில் குளிர்காற்று பட்டாலே தடிப்பும் காய்ச்சலும் வரும். 2001இல் அந்த மரபணு பிடிபட்டது. இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் ஊசி போட்டால் அடங்கிவிடுகிறது. இவற்றை ஆட்டோ-இன்ஃப்ளமேட்டரி நோய்கள் என்கிறார்கள். ஆட்டோ-இம்யூன் வேறு: அங்கே எதிர்ப்புசக்தியின் ஆயுதங்களான ஆன்டிபாடியும் டி செல்லும் சொந்த உடம்பைக் குறிபார்க்கும். இங்கே குறியே கிடையாது, வெறும் அலாரம்.

துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியரிடையே பரவலான ஃபெமிலியல் மெடிட்டரேனியன் ஃபீவர் என்ற பரம்பரைக் காய்ச்சலும் இந்த ரகம்தான். அதில் பழுதாவது பைரின் என்ற இன்னொரு புரதம். பிளேக் கிருமி பைரினை முடக்கித்தான் உள்ளே நுழைகிறது, பழுதான பைரினை அவ்வளவு எளிதில் முடக்க முடிவதில்லை என்று 2020இல் ஒரு ஆய்வு வந்தது. பிளேக் காலத்தில் அந்தப் பழுது உயிர் காத்திருக்கலாம்! 1972 முதல் அந்தக் காய்ச்சலுக்கும் மருந்து கோல்ச்சிசின்தான்.

அந்த மருந்து செல்லின் உட்சட்டகமான நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்கிறது. வெள்ளணுக்கள் மூட்டுக்கு ஓடுவது குறைகிறது, என்எல்ஆர்பி3 கூடுவதும் தடைபடுகிறது. காலையில் உங்கள் வீட்டில் ஒவ்வொரு பூவாகப் பிடித்து மகரந்தம் தொட்டு வைப்பார்களே, அந்தச் செங்காந்தளின் விதை இப்படித்தான் கட்டைவிரலில் வேலை செய்கிறது. சங்கப் புலவர்கள் காந்தளைப் பெண்களின் கைவிரலுக்கு உவமை சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒன்று கவனியுங்கள். கோல்ச்சிசின் நாயை அடக்கும், வேலியைச் சரிசெய்யாது. யூரிக் ஆசிட்டைக் குறைக்க அல்லோபியூரினால் மாதிரி தனி மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சிறுநீரகப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அப்புறம் சளி, இருமல் என்று போகும்போது அப்பா கோல்ச்சிசின் சாப்பிடுவதைச் சொல்ல மறக்க வேண்டாம். க்ளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் கோல்ச்சிசின் உடம்பை விட்டுப் போகாமல் தங்கி, மாத்திரையே கிழங்காகிவிடும்.